கோபால் சீட்டில் தொலைந்த பர்ஸ்

பர்ஸைக் கடைசியாகக் கையில் பிடித்தது புதன்கிழமை மாலை ஆறு பத்துக்கு, பங்காருபேட்டை ரயில் நிலையத்துக்கு வெளியே ஒரு பானிபூரி வண்டியின் முன்னால். நேரம் சரியாகத் தெரியும். தின்று முடித்ததும் நாட்குறிப்பை எடுத்து எழுதினேன். எழுதியது பர்ஸைப் பற்றி அல்ல, பானியைப் பற்றி. மதுரையில் அந்தத் தண்ணீர் பச்சையாகவோ பழுப்பாகவோ இருக்கும். இங்கே குடிநீர் போலத் தெளிவாக இருந்தது. ஏமாற்றுகிறார் என்று நினைத்து வாயில் போட்டேன். காரம் காது வரை ஏறியது.

"மொதல் வாட்டியா சார்? மெதுவா, மெதுவா. ஓடிப் போவாது" என்று சிரித்தார் வண்டிக்காரர்.

நான் மதுரையில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவன். கோலார் தங்கவயலுக்கு வந்தது ஒரு கையெழுத்துப் போடுவதற்காக. என் கல்லூரி விடுதி அறைத்தோழன் சம்பத் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸ் பகுதிக்காரன். மூன்று ஆண்டுகளுக்கு முன் இறந்துவிட்டான். அவன் மகள் நித்யாவுக்கு வெள்ளிக்கிழமை பதிவுத் திருமணம். மாப்பிள்ளை பிரவீன் கிறிஸ்தவர். அதனால் சம்பத்தின் தம்பிகள் இருவரும் வர மறுத்துவிட்டார்கள். வரக்கூடியவர்களையும் வரவிடாமல் செய்துவிட்டார்கள். மூன்று சாட்சிகள் வேண்டும். பிரவீனின் அண்ணன் ஒருவர், நித்யாவின் அம்மா வசந்தா ஒருவர். மூன்றாவது ஆள் வேண்டுமென்று வசந்தா எனக்குப் போன் செய்தார்.

"அவங்க பக்கத்துலயே இன்னொருத்தர் போடறேன்னாங்கண்ணா. நாந்தான் வேணாம்னேன். பெத்தவள உட்டா என் பொண்ணுக்கு ஒரு ஆளு இல்லன்னு ஆயிடக் கூடாது."

என் பெயரையும் ஆதார் அட்டையின் நகலையும் முன்பே கொடுத்தாயிற்று. வெள்ளிக்கிழமை அசல் அட்டையோடு போய் நிற்க வேண்டியதுதான் பாக்கி.

ரயில் பெங்களூரிலிருந்து வந்தது. வேலை முடிந்து திரும்புகிறவர்கள் கூட்டம். நான்காவது பெட்டியில் ஏறினேன். கால் வைக்க இடமில்லை. ஆனால் இடப்பக்கச் சன்னலோரம் ஓர் இருக்கை மட்டும் காலியாக இருந்தது. அதன்மேல் ஒரு நீலத் துண்டு விரித்திருந்தது. நின்றுகொண்டிருந்த யாரும் அதைப் பார்க்கக்கூட இல்லை.

"ஆள் வருகிறார்களா?" என்று கேட்டேன்.

"வரல சார். அது கோபால் சீட்டு. அவரு இன்னிக்கி வேலைக்கே வரல. நீங்க ஒக்காருங்க" என்றார் எதிரில் இருந்தவர். பெயர் லோகநாதன் என்று பிறகு தெரிந்தது.

"வராதவருக்கு எதற்குத் துண்டு போட்டிருக்கிறீர்கள்?"

அவருக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. சற்று யோசித்துவிட்டுச் சொன்னார். "எங்க அப்பாங்க மைனுக்குள்ள கேஜுல எறங்குவாங்க. இரும்புக் கூண்டு. அதுல யாரு எங்க நிக்கணும்னு இருக்கும். ஒருத்தன் எடத்துல இன்னொருத்தன் நின்னா சண்டைதான். ஆளு வரலன்னாலும் எடம் அவனுதுதான். எங்களுக்குக் கேஜு இல்ல. ரயிலு இருக்குது."

"கோபால் ஆந்திரா பக்கம் குப்பத்துல மச்சான் வீட்டு காது குத்துக்குப் போயிருக்கான் சார்" என்றார் பக்கத்தில் இருந்தவர். "பொண்டாட்டி போகச் சொல்லிச்சி, போயிட்டான். அந்தச் சீட்ல ஒக்காந்தா உங்களுக்கும் பொண்டாட்டி பயம் வந்துடும், பாத்துக்கோங்க."

துண்டை மடித்துச் சன்னல் கம்பியில் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். கோரமண்டல் நிலையம் தாண்டியதும் காற்று மாறியது. வெளியே சாம்பல் நிறத்தில் மேடு மேடாகத் தெரிந்தது. தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய மண்.

"ஷட்டர எறக்குங்க சார், சயனைட் மண்ணு கண்ணுல உழும்!"

எழுந்து நின்று இழுத்தேன். ஷட்டர் பாதியில் சிக்கிக்கொண்டது. பின்னாலிருந்து இரண்டு பேர் என் தோள்மேல் கைநீட்டி இழுத்தார்கள். நான் முழங்காலை இருக்கையில் ஊன்றி முழு பலத்தையும் போட்டேன். இறங்கியது. எல்லோரும் கை தட்டினார்கள். ஊர்காமில் லோகநாதனும் கூட்டாளிகளும் இறங்கினார்கள். அடுத்த நிலையமான சாம்பியனில் நான் இறங்கினேன். பெட்டியில் ஆறேழு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

வசந்தாவின் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தபோது பின் பாக்கெட் காலியாக இருப்பது தெரிந்தது.

ஆதார், ஓட்டுநர் உரிமம், பான், வாக்காளர் அட்டை எல்லாம் அதில்தான். எல்லா அட்டைகளும் ஒரே இடத்தில் இருந்தால் எதுவும் தொலையாது என்பது என் கொள்கையாக இருந்தது. கைப்பேசியில் இறக்கிக்கொள்ளலாமே என்று நித்யா உடனே முயன்றாள். ஆதாரோடு இணைத்த எண் நான் எப்போதோ கைவிட்ட பழைய எண். ஓடிபி யாருடைய கைப்பேசிக்குப் போனதோ தெரியாது.

வசந்தா அடுப்படிக்குப் போய்த் தட்டு எடுத்துவந்தார். பிறகு, "மொதல்ல சாப்புடுங்கண்ணா" என்றார். ராகிக் களியும் கீரைக் குழம்பும். நான் களியை மென்றுகொண்டே இருந்தேன்.

"களிய மெல்லக் கூடாது அங்கிள். அப்படியே முழுங்கணும்" என்றாள் நித்யா. அவளும் சாப்பிடவில்லை; உருண்டையைக் கிள்ளிக் கிள்ளி வைத்துக்கொண்டிருந்தாள்.

வியாழன் காலை முதல் வேலையாக நித்யாவும் நானும் பதிவு அலுவலகத்துக்குப் போனோம். எழுத்தர் கன்னடத்தில் பேசினார். நித்யா எனக்குத் தமிழில் சொன்னாள். அசல் இல்லாமல் சாட்சியாக ஏற்க முடியாது. ஆளை மாற்றுவதானால் புதிதாக விவரங்கள் கொடுக்க வேண்டும். அது நாளைக்குள் முடியுமா என்று அவரால் சொல்ல முடியாது. நோட்டீஸ் கொடுத்து மூன்று மாதம் நாளையோடு முடிகிறது. தவறினால் மறுபடி முதலிலிருந்து.

"முதலிலிருந்து என்றால்?"

"திரும்ப நோட்டீஸ் ஒட்டுவாங்க. திரும்ப ஒரு மாசம்" என்றாள் நித்யா. "போன வாட்டி நோட்டீஸ பார்த்துதான் சித்தப்பாங்க வீட்டுக்கு வந்து அம்மாவ அப்படிப் பேசினாங்க. இன்னொரு வாட்டி அம்மா தாங்க மாட்டாங்க அங்கிள். எனக்கே வேணாம்னு சொல்லிடுவேனோன்னு பயமா இருக்குது."

அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு பங்காருபேட்டைக்குப் பேருந்தில் போனேன். பானிபூரி வண்டி நான்கு மணிக்குத்தான் வரும் என்றார்கள். எதிரே ஒரு டீக்கடையில் உட்கார்ந்தேன். கடைக்காரரிடம் ஒருவர் தெலுங்கில் கேட்டார், அவர் கன்னடத்தில் பதில் சொல்லி, உள்ளே தமிழில் குரல் கொடுத்தார். மூன்று மொழியிலும் அவசரம் ஒன்றுபோலத்தான் இருந்தது. என் கதையைக் கேட்டவர், இரண்டாவது டீயைக் கேட்காமலே கொண்டுவந்து வைத்தார்.

பானிபூரிக்காரருக்கு என்னை நினைவிருந்தது. "காரத்துல கண்ணுல தண்ணி வந்துச்சே, நீங்கதான! பர்ஸு பின்னாடி பாக்கெட்டுல போச்சி சார். நான் பார்த்தேன். பாதி வெளிய நீட்டிகினு இருந்திச்சி, சொல்லலாம்னு பார்த்தேன். அதுக்குள்ள புக்கு எடுத்து எழுத ஆரம்பிச்சிட்டீங்க. எழுதறவங்கள எப்படிக் கூப்புடறது?"

அப்படியானால் ரயிலில்தான். அதே மாலை ரயிலுக்குக் காத்திருந்து, அதே நான்காவது பெட்டியில் ஏறினேன். நீலத் துண்டு அதே இடத்தில் இருந்தது. லோகநாதன் என்னைப் பார்த்ததும் துண்டை எடுத்துவிட்டார்.

"இன்னா சார், கோபால் சீட்ட பர்மனென்ட்டா எடுத்துக்கினீங்களா?"

நடந்ததைச் சொன்னேன். நாளைய விஷயத்தையும் சொன்னேன். சிரிப்பு நின்றது. நான்கு பேர் தரையில் மண்டியிட்டு இருக்கைக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். ஒருவர் அடுத்த பெட்டிக்குப் போய்க் கேட்டுவந்தார். லோகநாதன் அவர்களுடைய வாட்ஸப் குழுவில் குரல் செய்தி அனுப்பினார். "மதுரைக்காரர் பர்ஸு. பொண்ணு கல்யாண விஷயம். யாரு எடுத்து வெச்சிருந்தாலும் பேசுங்கப்பா." ஊர்காம் வருவதற்குள் முப்பது பதில்கள் வந்தன. எல்லாம் 'நான் பார்க்கவில்லை' என்ற பதில்கள்தான்.

இறங்கும்போது லோகநாதன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "எழுப்பற முருகேசன உட்டுட்டோமே!"

"யார் அவர்?"

"மாரிக்குப்பந்தான் கடைசி ஸ்டேஷன். காலைல மூணு மணிக்கு எழுந்தவனுங்க, வீடு வரும்போது செத்த பொணமாட்டம் தூங்குவானுங்க. முருகேசன்தான் ஒவ்வொருத்தனா தட்டி எழுப்பிட்டுக் கடைசியா எறங்குவான். யாரும் குடுத்த வேல இல்ல, அவனா செய்யறான். இன்னிக்கி, நாளைக்கி ரெண்டு நாளும் அவனுக்கு லீவு. பட்டன் போன் வெச்சிருக்கான், வாட்ஸப்பு இல்ல." எண்ணை அழுத்தினார். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ரயில் நகர்ந்தது; அவர் கூடவே நடந்துகொண்டு சொன்னார். "காலைல வீட்டுக்கே போயிடுங்க சார்!"

வெள்ளி காலை எட்டே முக்காலுக்கு ஆட்டோ பிடித்தேன். மாரிக்குப்பம், முருகேசன் வீடு என்றேன். அந்தப் பெயரில் இருபது பேர் இருப்பார்கள் என்று எனக்கே தெரியும்.

"எந்த முருகேசன்? எழுப்பற முருகேசனா?" என்றார் ஓட்டுநர்.

முருகேசன் வாசலில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தார். நான் பர்ஸ் என்று தொடங்கியதுமே தலையாட்டினார்.

"பழுப்பு கலரு. சீட்டுக்கும் செவுத்துக்கும் நடுவுல செருகிகினு இருந்திச்சி. கோபால் சீட்டுல. அன்னிக்கே அவங்க வீட்டுல குடுத்துட்டேனே!"

"கோபால் அன்றைக்கு ரயிலில் வரவே இல்லையே?"

பிரஷ் நின்றது. "துண்டு இருந்திச்சே சார்."

"துண்டு இருந்தது. ஆள் இல்லை. நான் உட்கார்ந்திருந்தேன்."

"ஆமா இல்ல?" என்று வானத்தைப் பார்த்தார். "தூங்கறவன எழுப்பற நேரம்... கோபால் சீட்டு, கோபால் பர்ஸு. அவ்ளோதான் தோணிச்சி."

"திறந்து பார்க்கவில்லையா?"

அவர் முகம் மாறிவிட்டது. "இன்னொருத்தன் பர்ஸ எப்படி சார் தொறக்கறது?"

கேட்டிருக்கக் கூடாதுதான்.

கோபாலின் வீடு இரண்டு வரிசை தள்ளி. அவர் மனைவி மல்லிகா கதவைத் திறந்து, முருகேசனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பர்ஸைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்ததும் இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"அவருதான் அனுப்பிச்சாரா?"

"யார்?"

"என் வீட்டுக்காரரு. ஊருக்குப் போறதுக்கு முன்னாடியே ரயில்ல பர்ஸ தொலைச்சிட்டு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. நானும் ரெண்டு நாளா பார்த்துகினு இருக்கேன். குப்பத்துலருந்து தெனம் போன் பண்றாரு, சாப்டியா, தூங்கினியா. பர்ஸு காணோம்னு வாயத் தொறக்கல. இப்போ நைஸா ஆள் உட்டு எடுத்துகினு வரச் சொல்றாரா? அவரே வந்து கேக்கட்டும்."

"அம்மா, அது என் பர்ஸ்."

"யாரு நீங்க?"

"மதுரை."

"மதுரைக்காரர் பர்ஸு எங்க வீட்டு பீரோவுல எப்படி வரும்?"

நியாயமான கேள்வி. முருகேசன் விளக்க முயன்று இன்னும் குழப்பினார். மல்லிகா கைப்பேசியை எடுத்துக் கணவரை அழைத்தார். நாங்களும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டார்.

"உங்க பர்ஸு எங்க?"

அந்தப் பக்கம் எச்சரிக்கையான குரல். "பாக்கெட்டுல."

"பொய்யி."

"சத்தியமா பாக்கெட்டுலதான் இருக்குது மல்லிகா. இன்னா ஆச்சி?"

"அப்போ பீரோவுல இருக்கறது இன்னா?"

"பீரோவுல இன்னா இருக்குது?" என்று கோபால் கேட்டார். அதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது.

"பார்த்தீங்களா? கட் பண்ணிட்டாரு" என்றார் மல்லிகா வெற்றியோடு. உண்மையை மட்டுமே பேசிய அந்த மனிதருக்காக எனக்கு வருத்தமாக இருந்தது. மணி ஒன்பதே முக்கால். பதினொன்றரைக்கு அலுவலகத்தில் நிற்க வேண்டும்.

"அம்மா, நீங்களே திறந்து பாருங்கள். உள்ளே என் ஆதார் இருக்கும். என் முகம் இருக்கும்."

"கல்யாணம் ஆன நாள்லருந்து அவரு பர்ஸ நான் தொறந்ததில்ல."

"இது அவர் பர்ஸ் இல்லையே."

அவர் அதை யோசித்தார். உள்ளே போய் பீரோவைத் திறக்கும் சத்தம் கேட்டது. பர்ஸைக் கைக்கெட்டும் தூரத்துக்கு நீட்டிப் பிடித்தபடி வந்து, இரண்டு விரலால் பிரித்தார். அட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார்.

"மீசை எங்க?"

"எடுத்துவிட்டேன்."

மல்லிகா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். "ஐயோ, ரெண்டு நாளா அந்த ஆளுகிட்ட மூஞ்சி குடுத்துப் பேசல சார்! நேத்து இன்னா சாப்டன்னு கேட்டாரு, மண்ணத் தின்னேன்னு சொன்னேன்!" முருகேசனைப் பார்த்து, "எல்லாம் உன்னாலடா!" என்றார். முருகேசன் பிரஷைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்தார்.

பர்ஸை வாங்கிக்கொண்டு நான் கிளம்பத் திரும்பினேன். காபி குடித்துவிட்டுப் போகச் சொன்னார். முடியாது என்பதற்குக் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. நின்றபடியே நித்யாவின் கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். மல்லிகாவின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

"பொண்ணு பக்கம் ஒருத்தருமே இல்லையா?"

"அம்மா இருக்கிறார். நான் இருக்கிறேன்."

"நீங்க மதுரைக்குப் போயிடுவீங்க." உள்ளே கடிகாரத்தைப் பார்த்தார். "சாம்பியன் ரீப்ஸா? பக்கம்தான். அஞ்சு நிமிஷம் இருங்க சார். ஆட்டோவ நிறுத்தி வையுங்க."

கத்தரிப்பூ நிறத்தில் பட்டுப் புடவை கட்டி, ஈரத் தலையைப் பின்னி முடித்து அவர் வெளியே வர எட்டு நிமிடம் ஆனது. அதற்குள் முருகேசனும் வீட்டுக்கு ஓடி, இஸ்திரி போட்ட சட்டையில் திரும்பியிருந்தார். ஆட்டோ ஓட்டுநர் பக்கத்தில் ஒண்டிக்கொண்டு உட்கார்ந்தார். வழியில் மல்லிகா ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, நான்கு முழம் மல்லிகைப் பூ வாங்கினார்.

அலுவலகத்துக்குப் போனபோது பதினொன்று பத்து. நித்யா படிகளிலேயே நின்றுகொண்டிருந்தாள். நான் ஆட்டோவுக்குள்ளிருந்தே அட்டையை உயர்த்திக் காட்டினேன். அவள் பின்னால் நின்ற பிரவீனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அறைக்குள் மேசையின் ஒரு பக்கம் பிரவீனின் அண்ணன், அண்ணி, அப்பா, சொந்தக்காரர்கள் என்று எட்டுப் பேர். மறுபக்கம் வசந்தா மட்டும், கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. மல்லிகா நேராக அந்தப் பக்கம் போனார். யாரையும் கேட்காமல் நித்யாவைத் திருப்பி நிறுத்திப் பூவை வைத்தார். குனிந்து கொசுவத்தைச் சரிசெய்தார். வசந்தா என்னைப் பார்த்தார். இவர் யார் என்று சொல்ல எனக்கு நேரம் இருக்கவில்லை.

அதிகாரி நிமிர்ந்து பார்த்துக் கன்னடத்தில் கேட்டார். அந்த அளவு எனக்கே புரிந்தது. அறையில் கூட்டம் கூடாது, குடும்பத்தார் மட்டும் இருக்கலாம், இந்த அம்மா யார்?

"பெண்ணுக்குச் சித்தி" என்று மல்லிகா கன்னடத்திலேயே சொன்னார். சொல்லிவிட்டு, தான் செய்தது சரியா என்பதுபோல் வசந்தாவைப் பார்த்தார்.

வசந்தா அந்த முகத்தை அதற்கு முன் பார்த்ததில்லை. கைப்பையைக் கீழே வைத்தார். "ஆமா சார், என் தங்கச்சிதான்" என்றார்.

அதிகாரி கதவருகே நின்ற முருகேசனைப் பார்த்தார். "அவரு இவங்க தம்பி" என்று வசந்தாவே சொல்லிவிட்டார்.

என் அட்டையை எழுத்தர் வாங்கி, நகலோடு ஒப்பிட்டு, திருப்பிக் கொடுத்தார். நித்யாவும் பிரவீனும் கையெழுத்திட்டார்கள். பிரவீனின் அண்ணன், வசந்தா, பிறகு நான். பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு எல்லாம் முடிந்தது. பிரவீனின் சொந்தக்காரர்கள் கை தட்டினார்கள். வசந்தா அழ ஆரம்பித்தார். மல்லிகா ஒரு கையால் அவரைத் தாங்கிக்கொண்டார்.

அப்போதுதான் மல்லிகாவின் கைப்பேசி அடித்தது. மறு கையால் எடுத்து ஒலிபெருக்கியில் போட்டார். கோபாலின் குரல் அறை முழுவதும் கேட்டது.

"மல்லிகா, பீரோவுல இன்னா இருக்குது? எங்க இருக்க நீ?"

"எங்க அக்கா பொண்ணு கல்யாணத்துல இருக்கேன்."

"உனக்கு ஏதுடி அக்கா?"

மல்லிகா பக்கத்தில் அழுதுகொண்டிருந்தவரைப் பார்த்தார்.

"இருக்காங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.